33 பக்கக் கடிதம்: ஆட்டிசத்தை முதலில் கவனித்தது யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா இருக்கணும்னு சில இடங்களைச் சுருக்கியிருக்கேன், சில இடங்களைத் திருத்தியிருக்கேன்.)

இந்த வார எபிசோடுக்குக் காரணம் 17 விநாடி ஓடுற ஒரு வீடியோ.

கொஞ்ச நாள் முன்னாடி ராத்திரி ஒன்றரை மணிக்கு என் அக்கா அதை வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. அவங்க பையனுக்கு அப்போ ஏழு மாசம். வீடியோவுல குழந்தை மல்லாந்து படுத்து, மேல சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருக்கான். அக்கா அவன் பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடுறாங்க. அவன் திரும்பல. வீடியோ அங்கேயே முடிஞ்சிடுது. கீழ ஒரு வரி: "தம்பி, நீ நிறைய படிக்கிறவன்தானே, இது அதுவா இருக்குமாடா?"

'அது'ன்னா என்னன்னு அவங்க எழுதல. ஆனா எதைத் தேடிட்டு அந்த நேரத்துல முழிச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். மறுநாள் போன்ல பேசினப்போ, வீட்டுல ரெண்டு பேர் ரெண்டு விதமா பதில் சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க. மாமியார் சொன்னது: "ஆம்பளப் புள்ள எல்லாமே கொஞ்சம் மெதுவாத்தான் செய்யும்." இன்னொரு சொந்தக்காரம்மா சொன்னது: "நீ எந்நேரமும் போனை நோண்டிட்டு இருந்தா, புள்ள எப்படி உன் மூஞ்சியப் பார்க்கும்?"

இதுல ரெண்டாவது வாக்கியம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போன் மட்டும்தான் அதுல புதுசு. மத்தபடி அந்த வாக்கியத்துக்கு 75 வயசுக்கு மேல ஆகுது. அதைச் சொன்னவங்கள்ல பெரிய பெரிய டாக்டர்கள் இருந்தாங்க, புத்தகம் எழுதினவங்க இருந்தாங்க. அதனால உடைஞ்சு போன குடும்பங்கள் நிறைய.

நான் டாக்டர் இல்ல. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுறவன், வரலாறு படிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அக்காவோட அனுமதியோடதான் இதைப் பேசுறேன். குழந்தையைப் பார்த்துக் கவலைப்பட்ட அப்பா அம்மாக்களோட கவலைக்கு ஒரு வரலாறு இருக்கு. அந்தக் கவலையை யார் கேட்டாங்க, யார் அதை அவங்களுக்கு எதிராவே திருப்பினாங்க, அது திரும்ப எப்படி மரியாதை வாங்குச்சு. இன்னிக்கு அதுதான் கதை.

மிசிசிப்பியிலிருந்து ஒரு கடிதம்

1938 அக்டோபர். அமெரிக்காவோட தெற்கே மிசிசிப்பி மாநிலத்துல ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு வக்கீலும் அவர் மனைவியும் அஞ்சு வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு பால்டிமோர் நகரத்துக்குப் போறாங்க. அப்பா பேரு பீமன் டிரிப்ளெட், அம்மா மேரி, பையன் டொனால்ட். பார்க்கப் போறது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில இருந்த லியோ கானர்ங்கிற மனநல மருத்துவரை. அவர் பிறந்தது அன்னிக்கு இருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுல. 'குழந்தைகள் மனநலம்'ங்கிற துறைக்கு ஆங்கிலத்துல முதல் பாடநூலை எழுதினவர்.

இதுக்கு முன்னாடி டொனால்டை டாக்டர் ஆலோசனைப்படி வீட்டை விட்டு ஒரு விடுதியில சேர்த்திருந்தாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்க இருந்தான். அந்தக் காலத்துல இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமா சொல்லப்பட்ட தீர்வு அதுதான். விட்டுட்டு வாங்க, மறந்துடுங்க. இந்த அப்பா அம்மாவால மறக்க முடியல.

பால்டிமோருக்குப் போறதுக்கு முன்னாடி பீமன் ஒரு கடிதம் அனுப்பினார். டைப் அடிச்சது, 33 பக்கம். டொனால்ட் பிறந்ததுலேருந்து அவரும் மேரியும் பார்த்தது எல்லாம் அதுல இருந்துச்சு. ஒரு வயசுலயே பல பாட்டு மெட்டைத் தப்பில்லாம முணுமுணுப்பான். கிறிஸ்தவ வினாவிடைப் பாடத்துல 25 கேள்வி-பதிலை மனப்பாடமா சொல்வான். வட்டமா எது கிடைச்சாலும் சுத்தி விடுவான். தனியா விட்டா சந்தோஷமா இருப்பான். அப்பா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தாலும் கவனிக்க மாட்டான். கிறிஸ்துமஸ் தாத்தா முழு வேஷத்தோட வந்து நின்னப்போகூட ஏறெடுத்துப் பார்க்கல.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1943-ல கானர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுல 11 குழந்தைகளைப் பத்தி எழுதியிருந்தார். 8 பசங்க, 3 பொண்ணுங்க. முதல் குழந்தை 'டொனால்ட் டி'. இன்னிக்கு நாம ஆட்டிசம்னு சொல்றதுக்கு அடித்தளம் போட்ட கட்டுரை அது.

அந்தக் கட்டுரையில கைக்குழந்தைப் பருவத்தைப் பத்தி ஒரு விவரம் வருது. குழந்தையைத் தூக்கலாம்னு நாம கை நீட்டினா, அது என்ன செய்யும்? தோளை லேசா உயர்த்தும், உடம்பைக் கொஞ்சம் விறைப்பாக்கும், தூக்கப் போறாங்கன்னு தன்னைத் தயார் பண்ணிக்கும். சாதாரணமா நாலு மாசத்துலயே இது வந்துடும். இந்த 11 குழந்தைகளோட அம்மாக்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே, தங்கள் குழந்தை அப்படிச் செய்யலன்னு ஆச்சரியத்தோட நினைவுபடுத்திச் சொல்லியிருக்காங்க. பல குழந்தைகளுக்குக் காது கேட்கலையோன்னு முதல்ல சந்தேகப்பட்டிருக்காங்க.

கானர் இந்தக் குழந்தைகள் யாரையும் நாலு மாசக் குழந்தையா பார்க்கல. அவர்கிட்ட வந்தப்போ அவங்கெல்லாம் வளர்ந்துட்டாங்க. அப்போ இந்தத் தகவல் எங்கேருந்து வந்துச்சு? தூக்கினவங்ககிட்டேருந்து. ஆட்டிசத்தோட ஆரம்ப அறிகுறிகளைப் பத்தின முதல் தரவு முழுக்க அம்மா அப்பாவோட நினைவிலும் டைரியிலும் இருந்ததுதான்.

கவனிச்சதே குத்தமாச்சு

இப்போ கதை திரும்புது.

அந்த 33 பக்கக் கடிதத்தைப் பத்தி கானர் அதே கட்டுரையில என்ன எழுதினார் தெரியுமா? அளவுக்கு மீறி, ஒரு பித்துப் பிடிச்ச மாதிரி நுணுக்கமான விவரங்கள் நிறைஞ்சதுன்னு. கட்டுரையோட கடைசிப் பகுதியில பெற்றோர்களைப் பத்திப் பேசுறப்போ, அவங்க எழுதி வெச்ச டைரிகளையும் குறிப்புகளையும் அவங்களோட இந்த இயல்புக்குச் சான்றா காட்டுறார். அந்த 25 கேள்வி-பதிலைக்கூட விடல. அதை வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சிருந்ததும் ஒரு சான்று.

என் வேலையில இதுக்குச் சரியா ஒரு உதாரணம் இருக்கு. ஒருத்தர் நல்லா விவரமா பக் ரிப்போர்ட் எழுதி அனுப்புறார். அதை வெச்சுத்தான் பிரச்சினையையே கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடிச்ச பிறகு, 'இவ்வளவு விவரமா எழுதுறவர்னா, பக் வந்ததுக்கே இவர்தான் காரணமா இருப்பார்'னு சொன்னா எப்படி இருக்கும்?

கானருக்கு நியாயம் செய்யணும்னா இதையும் சொல்லணும். அதே கட்டுரையோட முடிவுல, இந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே இந்த வித்தியாசத்தோட பிறக்குறாங்கன்னுதான் அவர் சொல்றார். ஆனா அதுக்குப் பக்கத்துலயே, இந்தப் பெற்றோர்கள்ல உண்மையிலேயே அன்பும் கனிவும் உள்ளவங்க ரொம்பக் குறைவுன்னும் எழுதிட்டார். ஒரே கட்டுரையில ரெண்டு விதை. அடுத்த 20 வருஷத்துக்கு ரெண்டாவது விதைதான் முளைச்சு மரமாச்சு.

1949-ல கானர் மறுபடி எழுதுறப்போ ஒரு உவமை சொன்னார். இந்தக் குழந்தைகள், பனி உருகாத ஒரு ஃப்ரிட்ஜுக்குள்ள ஒழுங்கா அடுக்கி வெச்ச மாதிரி வளர்ந்தாங்கன்னு. அதுலேருந்துதான் 'ஃப்ரிட்ஜ் அம்மா'ங்கிற பேர் பரவுச்சு. 1960-ல டைம் பத்திரிகையிலயும் அவர் இதே தொனியில பேசினார்.

இந்தக் கருத்தை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவுல பிறந்தவர், டக்காவ், புக்கன்வால்ட் வதைமுகாம்கள்ல கைதியா இருந்து விடுதலையாகி அமெரிக்கா வந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு உறைவிடப் பள்ளியை நடத்தினார். 1967-ல அவர் எழுதின 'வெறுமையான கோட்டை' புத்தகம் பெரிய அளவுல பேசப்பட்டுச்சு. வதைமுகாம்ல கைதிகள் உள்ளுக்குள்ள ஒடுங்கிப் போறதைப் பார்த்தவர் அவர். இந்தக் குழந்தைகளும் அதே மாதிரிதான் ஒடுங்கியிருக்காங்கன்னு நினைச்சார். அப்போ முகாம் எது? வீடு. காவலாளி யார்? அம்மா. அவர் பள்ளியில சேர்ந்த குழந்தைகளை அப்பா அம்மா வந்து பார்க்கவே கடுமையான கட்டுப்பாடு இருந்துச்சு.

அந்தக் கால அம்மாக்களோட நிலைமையை நினைச்சுப் பாருங்க. குழந்தைகிட்ட ஏதோ வித்தியாசம் இருக்குன்னு முதல்ல கவனிச்சது அவங்க. தைரியமா டாக்டர்கிட்ட போய்ச் சொன்னதும் அவங்க. கிடைச்ச பதில்: நீங்க உள்மனசுல இந்தக் குழந்தையை வேண்டாம்னு நினைச்சீங்க, உங்களுக்குத்தான் சிகிச்சை தேவை. இப்படி ஒரு பதில் கிடைக்கும்னா, அடுத்த அம்மா எதையாவது கவனிச்சா வாயைத் திறப்பாங்களா?

தப்பு எங்க நடந்துச்சு?

இவ்வளவு படிச்சவங்க எப்படி இவ்வளவு பெரிய தப்பு பண்ணினாங்க? ரெண்டு காரணம் எனக்குத் தெளிவா தெரியுது.

ஒண்ணு, யார் அந்தக் கிளினிக் வரைக்கும் வந்தாங்கங்கிறது. கானரோட 11 குழந்தைகள்ல நாலு பேரோட அப்பா மனநல மருத்துவர்கள். மத்தவங்கள்ல வக்கீல், பேராசிரியர், சுரங்க எஞ்சினியர் எல்லாம் உண்டு. 11 அம்மாக்கள்ல 9 பேர் பட்டதாரிகள். 1930-கள் அமெரிக்காவுல இது எவ்வளவு அபூர்வம்! மிசிசிப்பியிலேருந்து பால்டிமோர் வரைக்கும் குழந்தையைக் கூட்டிட்டுப் போக யாரால முடிஞ்சுதோ அவங்கதான் வந்தாங்க. படிச்ச, அளந்து பேசுற, குறிப்பு எழுதுற பழக்கமுள்ள குடும்பங்கள். அவங்களை மட்டும் பார்த்துட்டு, இந்த மாதிரி பெற்றோருக்குத்தான் இப்படிக் குழந்தை பிறக்குதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. மாதிரித் தேர்வுல வந்த கோளாறு.

ரெண்டாவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாத்திக்கிட்டது. சிரிச்சா திரும்பச் சிரிக்காத குழந்தை, கூப்பிட்டா திரும்பாத குழந்தை, ராத்திரி பூரா தூங்காத குழந்தை. அதோட மூணு நாலு வருஷம் தனியா போராடின அம்மா டாக்டர் முன்னாடி உட்காரும்போது களைச்சுப் போய், பேச்சில்லாம இருப்பாங்க. அந்தக் களைப்பைப் பார்த்துட்டு, 'இவங்க இப்படி இறுக்கமா இருக்கிறதாலதான் குழந்தை அப்படி ஆச்சு'ன்னு எழுதிக்கிட்டாங்க.

கராஜில் இருந்த புத்தகம்

இதை உடைச்ச ஆள் ஒரு அப்பா. பெர்னார்ட் ரிம்லேண்ட். சான் டியேகோவுல அமெரிக்கக் கடற்படைக்கு வேலை பார்த்த உளவியலாளர். 1956-ல அவருக்கு மார்க்னு பையன் பிறந்தான். தொட்டில்ல ஓயாம கதறுவான், தூக்கினாலும் அடங்க மாட்டான். குழந்தை டாக்டருக்கு ஒண்ணும் புரியல. ரிம்லேண்ட் உளவியல்ல பிஎச்.டி. முடிச்சவர், அவருக்கே ஆட்டிசம்ங்கிற வார்த்தை தெரியாது. அவர் மனைவி குளோரியாவுக்குத்தான் ஞாபகம் வந்துச்சு, காலேஜ்ல படிச்சப்போ இந்த மாதிரி குழந்தையைப் பத்தி ஏதோ வாசிச்சோமேன்னு. கராஜ்ல பழைய புத்தகப் பெட்டியைத் தோண்டினாங்க. இருந்துச்சு.

அதுக்கப்புறம் ரிம்லேண்ட் ஆட்டிசம் பத்தி அதுவரைக்கும் வந்த எல்லாத்தையும் தேடித் தேடிப் படிச்சார். அம்மாதான் காரணம்ங்கிறதுக்கு ஆதாரம் எங்கன்னு பார்த்தார். இல்ல. 1964-ல வந்த அவரோட புத்தகம், இது உடல் சார்ந்தது, நரம்பு மண்டலம் சார்ந்ததுன்னு வாதாடுச்சு. அதுக்கு முன்னுரை எழுதினது வேற யாரும் இல்ல, லியோ கானர்.

புத்தகத்தோட கடைசியில ரிம்லேண்ட் ஒரு கேள்விப் பட்டியலைச் சேர்த்திருந்தார். குழந்தை எப்படி நடந்துக்கும், எப்போ என்ன செஞ்சதுன்னு. பல ஊர்லேருந்து அம்மா அப்பாக்கள் அதைப் பூர்த்தி பண்ணி அவர் வீட்டுக்கே தபால்ல அனுப்ப ஆரம்பிச்சாங்க. பீமன் டிரிப்ளெட் 33 பக்கத்துல செஞ்ச வேலையை இப்போ நிறைய பேர் செஞ்சாங்க. இந்தத் தடவை அதை வாங்கிப் படிச்சவர், அவங்களை மாதிரியே ஒரு அப்பா. 1965-ல அவரும் இன்னும் சில பெற்றோர்களும் சேர்ந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினாங்க.

1967-ல பெட்டல்ஹைமோட புத்தகம் வந்ததுன்னு சொன்னேன் இல்லையா, அதே வருஷம் இன்னொரு புத்தகமும் வந்துச்சு. கிளாரா கிளைபோர்ன் பார்க் எழுதின 'முற்றுகை'. தன் மகளோட முதல் எட்டு வருஷத்தை நாள் நாளா கவனிச்சு ஒரு அம்மா எழுதினது. ஒருத்தர் அம்மாவைக் காவலாளின்னு சொல்றார். இன்னொருத்தர், காவலாளி இல்ல, கோட்டைக்கு வெளியே நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கிற ஆள்தான் அம்மான்னு காட்டுறாங்க.

1969-ல அந்தப் பெற்றோர் சங்கத்தோட கூட்டத்துக்கு கானர் வந்தார். மேடையிலேயே, பெற்றோர்களான உங்களை நான் குற்றத்துலேருந்து விடுவிக்கிறேன்னு சொன்னார். குற்றமே செய்யாதவங்களுக்கு விடுதலை. ஆனாலும் அந்த அரங்கத்துல இருந்தவங்களுக்கு அந்த வார்த்தை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

அறிவியல் ஆதாரம் 1977-ல வந்துச்சு. லண்டன்ல சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ஞ்சாங்க. ஒவ்வொரு ஜோடியிலயும் குறைஞ்சது ஒருத்தருக்கு ஆட்டிசம். ஒரே கருவிலேருந்து பிரிஞ்ச 11 ஜோடிகள்ல 4 ஜோடியில ரெண்டு பேருக்குமே ஆட்டிசம் இருந்துச்சு. தனித்தனிக் கருவிலேருந்து வந்த 10 ஜோடிகள்ல ஒண்ணுகூட அப்படி இல்ல. ரெண்டு வகை இரட்டையரும் ஒரே வீட்டுல, ஒரே அம்மாகிட்ட வளர்றவங்கதான். வித்தியாசம் மரபணுவுலதான். சின்ன ஆய்வுதான், ஆனா அதுக்கப்புறம் வந்த பெரிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுச்சு.

பிறந்தநாள் வீடியோக்கள்

அடுத்த கேள்வி: எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்? இங்கேயும் வீட்டுலேருந்துதான் உதவி வந்துச்சு.

1980-கள் கடைசியில அமெரிக்க வீடுகளுக்குள்ள வீடியோ கேமரா வந்துடுச்சு. அதுல எல்லாரும் எடுக்கிற வீடியோ எது? முதல் பிறந்தநாள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் ரெண்டு பேரும் 1994-ல அந்த வீடியோக்களையே ஆய்வா மாத்தினாங்க. பின்னாடி ஆட்டிசம்னு கண்டறியப்பட்ட 11 குழந்தைகள், மத்த குழந்தைகள் 11 பேர். எல்லாருக்கும் கேக், மெழுகுவர்த்தி, சுத்தி நிக்கிற சொந்தக்காரங்க. யாருக்கு ஆட்டிசம்னு தெரியாத ஆட்களை அதைப் பார்க்க வெச்சாங்க. நாலு விஷயத்துல வித்தியாசம் தெரிஞ்சுச்சு: மத்தவங்க முகத்தைப் பார்க்கிறது, பேர் சொன்னா திரும்புறது, விரல் நீட்டிக் காட்டுறது, கையில இருக்கிறதை மத்தவங்களுக்குக் காட்டுறது. இந்த நாலை வெச்சே பெரும்பாலான குழந்தைகளைச் சரியா பிரிக்க முடிஞ்சுச்சு.

அதாவது, அம்மா அப்பா பல வருஷமா, 'ஒரு வயசுலயே ஏதோ தெரிஞ்சுச்சு டாக்டர்'னு சொல்லிட்டு இருந்தது கற்பனை இல்ல. அது டேப்லயே இருந்திருக்கு.

இங்கிலாந்துல சைமன் பேரன்-கோஹன் குழு 1992-ல 18 மாசக் குழந்தைகளுக்கு 'சாட்'னு ஒரு பரிசோதனைப் பட்டியல் கொண்டு வந்தாங்க. பாதி பெற்றோர்கிட்ட கேட்கிற கேள்வி, பாதி செவிலியர் நேர்ல பார்க்கிறது. அதை 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள்கிட்ட பயன்படுத்தி, ஆறு வருஷம் பின்தொடர்ந்தப்போ ஒரு கசப்பான உண்மை தெரிஞ்சுது. பின்னாடி ஆட்டிசம்னு உறுதியான 50 குழந்தைகள்ல, 18 மாசத்துல இந்தப் பட்டியல் பிடிச்சது 19 பேரைத்தான். மீதி 31 பேர் நழுவிட்டாங்க.

அதுக்கப்புறம் 2001-ல அமெரிக்காவுல டயானா ராபின்ஸ் குழு 'எம்-சாட்'டை உருவாக்கினாங்க. முழுக்க முழுக்க பெற்றோர் பதில் சொல்ற கேள்விகள். இப்போ இருக்கிற வடிவத்துல 20 கேள்வி, 16 முதல் 30 மாசக் குழந்தைகளுக்கு. சந்தேகம் வந்தா டாக்டர் திரும்பக் கூப்பிட்டு விவரமா விசாரிக்கணும். அப்படி விசாரிச்ச பிறகும் சந்தேகம் நீடிச்ச குழந்தைகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம் உறுதியாச்சு. ஆனா மீதிப் பேர்ல பெரும்பாலானவங்களுக்கு வேற ஏதாவது வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய விஷயமோ இருந்துச்சு. கவலை வீணா போகல.

1943-ல பித்துன்னு சொல்லப்பட்டது, 2001-ல மருத்துவக் கருவி ஆயிடுச்சு.

கண் சரி, காரணம் தப்பு

இங்கேயே கதையை முடிச்சா அப்பா அம்மா எப்பவுமே சரின்னு ஆயிடும். அது உண்மை இல்ல.

1998-ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளை வெச்சு லான்செட் இதழ்ல ஒரு கட்டுரை போட்டார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேர்த்துப் போடுற தடுப்பூசியோட ஆட்டிசத்துக்குத் தொடர்பு இருக்கலாம்னு. 2010-ல லான்செட் அதைத் திரும்பப் பெற்றுச்சு, அவரோட மருத்துவப் பதிவும் ரத்தாச்சு. டென்மார்க்ல ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெச்சு 2002-லயும், ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெச்சு 2019-லயும் பார்த்தாங்க. தொடர்பே இல்ல.

அப்புறம் ஏன் இவ்வளவு பெற்றோர் நம்பினாங்க? அந்த ஊசி போடுறது ஒரு வயசை ஒட்டி. அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறதும் அதே நேரம். 'ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன்'ங்கிறது உண்மை. 'ஊசியாலதான்'ங்கிறது உண்மை இல்ல. ரிம்லேண்டே கடைசிக் காலத்துல தடுப்பூசி பக்கம் சாய்ஞ்சார். அம்மாதான் காரணம்ங்கிற பொய்யை உடைச்ச அதே மனுஷன்.

கவனிக்கிறதுலயும் எல்லை இருக்கு. கலிபோர்னியாவுல சாலி ஒசானாஃப் குழு குழந்தைகளைப் பிறந்ததுலேருந்து தொடர்ந்து பார்த்து 2010-ல எழுதினது இது: பின்னாடி ஆட்டிசம் வந்த குழந்தைகள் 6 மாசத்துல முகம் பார்த்ததுலயும் சிரிச்சதுலயும் மத்த குழந்தைகள் மாதிரியேதான் இருந்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுச்சு. ரொம்ப மெதுவா நடந்ததால, பெரும்பாலான பெற்றோர் அந்த மாற்றத்தைக் குறிப்பிடவே இல்ல. 2013-ல வாரன் ஜோன்ஸ், அமி கிளின் ரெண்டு பேரும் கண் அசைவை அளக்கிற கருவியை வெச்சு, ரெண்டு மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்குள்ள கண்ணைப் பார்க்கிற நேரம் குறையுறதைப் பிடிச்சாங்க. அது கருவிக்குத் தெரியுற வித்தியாசம். ராத்திரி ஒன்றரை மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்துல நம்ம கண்ணுக்குத் தெரியுறது இல்ல.

அக்காகிட்ட சொன்னது

அக்காவுக்கு நான் பெருசா ஒண்ணும் சொல்லல. ஏழு மாசத்துல 17 விநாடி வீடியோவை வெச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. ஃபேனைப் பார்க்காத குழந்தை நம்ம ஊர்ல இருக்கா? பேர் சொன்னா திரும்புறது பொதுவா 9 மாசத்துக்குள்ள எதிர்பார்க்கிறது. ஒரு வயசுல டாட்டா காட்டுறது, ஒன்றரை வயசுக்குள்ள விரல் நீட்டிக் காட்டுறது, இதெல்லாம் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியது. ஒரு அறிகுறி இல்ல, பல அறிகுறிகள் சேர்ந்து, பல மாசம் தொடருதான்னுதான் பார்க்கணும். ஏற்கெனவே செஞ்சுட்டு இருந்ததை ஒரு குழந்தை நிறுத்திடுச்சுன்னா, அதுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே காட்டணும்.

இன்னொண்ணு சொன்னேன்: "டாக்டர்கிட்ட போய் இதே கேள்வியைக் கேளுங்கக்கா. 'ஆம்பளப் புள்ள மெதுவாத்தான்'ங்கிறதை நம்பி ரெண்டு வருஷம் சும்மா இருக்கவும் வேணாம், போனாலதான்னு அழுதுட்டு இருக்கவும் வேணாம்." அம்மா போன் பார்க்கிறதால குழந்தைக்கு ஆட்டிசம் வரும்னு யாரும் நிரூபிக்கல. போனைக் கீழ வெச்சுட்டு குழந்தைகிட்ட பேசுறது நல்லதுதான், அது எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஆனா அது வேற விஷயம்.

போனாங்க. டாக்டர் முதல்ல காது கேட்குறதைப் பரிசோதிக்கச் சொன்னார். கானர் காலத்துலேருந்தே முதல்ல எழுற சந்தேகம் அதுதான், இன்னிக்கும் முதல்ல பார்க்க வேண்டியதும் அதுதான். காது நல்லா இருக்கு. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, 9 மாசத்துல வாங்க, அதுவரைக்கும் என்ன பார்க்கிறீங்களோ எழுதி வைங்கன்னு சொல்லியிருக்கார். அடுத்த தடவை போகுறதுக்கு இன்னும் நாள் இருக்கு. பதில் என்னவா இருக்கும்னு எங்களுக்கு இன்னும் தெரியாது.

கேட்கிறவங்கள்ல யாருக்காவது இதே கவலை இருந்தா ஒரு தகவல். அரசாங்கத்தோட ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல குழந்தைகளோட வளர்ச்சியைப் பரிசோதிக்க மாவட்ட அளவுல ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள் இருக்கு. முதல்ல உங்க குழந்தை டாக்டர்கிட்ட, இல்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

டொனால்டுக்கு என்னாச்சுன்னு சொல்லாம முடிக்கக் கூடாது. அவர் வளர்ந்தார். காலேஜ் முடிச்சார். ஃபாரஸ்ட் ஊர்லயே, அவர் அம்மா குடும்பத்தோட பேங்க்ல பல வருஷம் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியா பல நாடு சுத்தினார். 2023 ஜூன்ல, 89 வயசுல காலமானார். பணம் இருந்த குடும்பம், அவரை அப்படியே ஏத்துக்கிட்ட ஊர், இது எல்லாருக்கும் கிடைக்காது. ஆட்டிசம் உள்ள எல்லாரோட வாழ்க்கையும் இப்படி இருக்கும்னும் இல்ல. ஆனா அந்த விடுதியிலேயே விட்டுட்டு மறந்திருந்தா, இது எதுவுமே நடந்திருக்காது.

நேத்து அக்கா ஒரு போட்டோ அனுப்பினாங்க. பழைய டைரியில நாலு பக்கம், தேதி போட்டு எழுதியிருக்காங்க. எப்போ சிரிச்சான், யாரைப் பார்த்துச் சிரிச்சான், குக்கர் விசிலுக்குத் திரும்பினானா, தூக்கக் கை நீட்டினா என்ன செஞ்சான். கீழ, "ரொம்ப ஓவரா எழுதுறேனாடா?"ன்னு கேட்டிருந்தாங்க.

இல்லக்கா, இன்னும் எழுதுங்கன்னு பதில் போட்டேன்.

அடுத்த வாரம் வேற ஒரு கதையோட பார்க்கலாம்.